ஐந்து வேளை தொழுகிறவர் வரதட்சணை வாங்கினால் இஸ்லாம் பொறுப்பா?

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு பாய் இருக்கிறார். ஐந்து வேளையும் பள்ளிவாசலில்தான் தொழுவார். ஆனால் மகன் கல்யாணத்துக்கு ஐம்பது பவுன், ரொக்கம் எல்லாம் பேசி வாங்கினார். இவரைப் பார்த்த பிறகு இஸ்லாம் நல்ல மார்க்கம் என்று நான் எப்படி நம்புவது?

பதில்: சகோதரர் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார், நல்லது. முதுகுக்குப் பின்னால் பேசுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு ரெடிமேட் பதில் உண்டு. கார் மோதினால் காரைத் திட்டாதே, ஓட்டினவனைத் திட்டு என்பார்கள். சரி, யார் ஓட்டினாலும் அந்தக் கார் மோதுகிறது என்றால்? பிரேக்கைப் பார்க்க வேண்டாமா? அதனால் அந்தப் பதிலை நான் சொல்லப் போவதில்லை.

நான் பார்ப்பது இதுதான். தப்பு செய்கிறவர் தன் வேதத்தை மீறிச் செய்கிறாரா, வேதத்தையே ஆதாரம் காட்டிச் செய்கிறாரா? மீறிச் செய்தால் அவர் சட்டையைப் பிடியுங்கள். ஆதாரம் காட்டிச் செய்தால், அந்த மார்க்கத்தில் இருப்பவர்கள் எழுந்து பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உங்கள் தெரு பாய் விஷயத்துக்கு வருவோம். திருக்குர்ஆன் 4:4, அதாவது நாலாவது அத்தியாயம் நாலாவது வசனம், பெண்களுக்கு மஹரை, அதாவது மணக்கொடையை, மனமுவந்து கொடுக்கச் சொல்கிறது. கொடுக்க வேண்டியவன் மாப்பிள்ளை. புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் ஒரு ஹதீஸ், அதாவது நபிமொழி, இருக்கிறது. ஒரு ஏழைத் தோழர் கல்யாணம் செய்ய விரும்புகிறார். மஹர் கொடுக்க என்ன வைத்திருக்கிறாய் என்று நபிகள் நாயகம் (ஸல்) கேட்கிறார்கள். ஒன்றுமில்லை. இரும்பு மோதிரமாவது தேடிப் பார் என்கிறார்கள். போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார். இடுப்பில் கட்டியிருக்கும் வேட்டியில் பாதியைத் தருகிறேன் என்கிறார். நீ உடுத்தினால் அவளுக்கு இல்லை, அவள் உடுத்தினால் உனக்கு இல்லையே என்கிறார்கள் நபியவர்கள். கடைசியில் அவருக்கு மனப்பாடமாக இருந்த குர்ஆன் அத்தியாயங்களுக்காகத் திருமணம் முடித்து வைக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட ஏழைகூடப் பெண் வீட்டில் போய்க் கேட்கவில்லை. 1961-ஆம் வருட வரதட்சணைத் தடைச் சட்டமே மஹரை வரதட்சணைக் கணக்கில் சேர்க்காமல் தனியாக விலக்கி வைத்திருக்கிறது.

ஆக, அந்தப் பாய் குர்ஆனைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார். அவர் கையில் எந்த வசனமும் கிடையாது.

இதோடு மார்க்கம் தப்பித்தது என்று நான் எழுந்து போய்விடலாம். ஆனால் அந்த நிக்காஹில் யார் உட்கார்ந்திருந்தது? ஹஜ்ரத், அதாவது மார்க்க அறிஞர், குத்பா என்கிற திருமண உரையை ஓதினார். ஜமாஅத் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பதிவுப் புத்தகத்தில் மஹர் ஆயிரத்தொரு ரூபாய். ஐம்பது பவுன் விஷயம் மேடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பிரியாணியும் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். இவ்வளவு பேர் வாயை மூடிக்கொண்ட பிறகு, 'அது இஸ்லாம் இல்லை' என்று உங்களிடம் மட்டும் வந்து சொன்னால் நீங்கள் எப்படி நம்புவீர்கள்? நம்பாதது உங்கள் குற்றமில்லை.

இதைவிடக் கஷ்டமானது இரண்டாவது வகை, வேதத்தையே ஆதாரம் காட்டித் தப்பு செய்வது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் முக்கியமான ஆள் சஹ்ரான், காத்தான்குடிக்காரன். தமிழில் பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு, செய்தவன், நம்மைப் போல வீடியோவும் போட்டவன். அவன் வசனம் சொல்லித்தான் பேசினான். அங்கே 'அவன் முஸ்லிமே இல்லை' என்று ஒரே வரியில் நழுவ முடியாது. அவன் எடுத்த அதே குர்ஆனைத் திறந்துதான் பதில் சொல்ல வேண்டும். 22:40-ஐப் பாருங்கள். இறைவனின் பெயர் நினைக்கப்படும் இடங்களாக மடங்களையும் தேவாலயங்களையும் யூத ஆலயங்களையும் பள்ளிவாசல்களையும் சேர்த்தே சொல்கிறது, அவை இடிக்கப்படாமல் காக்கப்படுவதைப் பற்றிப் பேசுகிறது. பிரார்த்தனைக்கு வந்தவர்கள் நடுவே குண்டு வெடித்த கூட்டத்தின் தலைவன் இந்த வசனத்தை எங்கே ஒளித்து வைத்தான்? காத்தான்குடி முஸ்லிம்களே அவனைப் பற்றி முன்கூட்டியே புகார் கொடுத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்புறம், நம் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசலைத் திறந்து விட்டோம், சோறு ஆக்கிப் போட்டோம் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோம். இதுதான் இஸ்லாம் என்கிறோம். நல்லது செய்தால் மார்க்கத்தின் கணக்கு, கெட்டது செய்தால் தனி மனிதன் கணக்கு என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? மற்ற மதத்தவர் தப்பு செய்யும்போது நாமும் உடனே அந்த மதத்தைத்தானே இழுக்கிறோம்? அங்கேயும் அவர்கள் நூலை மீறினார்களா, நூலைக் காட்டினார்களா என்று பார்த்தோமா?

சகோதரரே, அந்தப் பாய்க்கு இன்னொரு மகன் இருந்தால், அடுத்த பத்திரிகை வரும்போது '4:4 படிச்சீங்களா பாய்?' என்று நீங்களே கேளுங்கள். நாங்கள் கேட்டால் கோபப்படுவார், நீங்கள் கேட்டால் வெட்கப்படுவார். சரி, பின்னால் கையைத் தூக்குகிற சகோதரியிடம் மைக்கைக் கொடுங்கள்.