அலைபேசிக்குள் பள்ளிக்கூடம் அடங்குமா?

விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, எனக்கு முன்பு பேசி என் உரையில் பாதியை எடுத்துக்கொண்ட வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த முன்னாள் மாணவர்களே, பந்தலுக்கு வெளியே வெயிலில் நிற்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

இணையவழிக் கல்வி பள்ளிக்கூடத்துக்கு ஈடாகுமா என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. ஆசிரியர், தோழமை, பசி என்று மூன்றைப் பற்றிப் பேச எண்ணி வந்தேன். 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய பழமொழி. ஆனாலும் திரையை நான் இகழவில்லை. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2020 மார்ச்சில் பள்ளிகளைப் பூட்டிய பிறகு, பாடங்களை வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்தது; அதை மறுக்க முடியாது.

2021ஆம் ஆண்டு, எட்டாம் வகுப்புக்கு அலைபேசி வழியே கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் பெயரை அழைத்தவுடன் 'உள்ளேன் ஐயா' என்பான். பிறகு கறுப்புக் கட்டம்தான். ஒரு நாள் பித்தகோரஸ் தேற்றத்தின் நடுவே, "சின்ன வெங்காயம் எத்தனை மூட்டைப்பா ஏத்தினே?" என்று ஒரு தடித்த குரல் கேட்டது. வீட்டில் இருந்ததோ ஒரே அலைபேசி. அது தந்தையின் வண்டியோடு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்விடும். பெயரை அழைத்தால் இப்படிச் சொல்லுங்கள் என்று மகன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். "பத்து நாளா நான்தாங்க ஐயா படிக்கிறேன், செங்கோண முக்கோணம் வரைக்கும் புரிஞ்சிருச்சு" என்றார் அவர். வருகைப் பதிவேட்டில் தந்தைக்கு முழு வருகை!

நவம்பர் 1ஆம் தேதி பள்ளி திறந்தது. அதே மாணவன் காலை வழிபாட்டில் மயங்கி விழுந்தான். முந்தைய இரவிலிருந்து எதுவும் உண்ணவில்லை என்று அவனைத் தூக்கிய பிறகே தெரிந்தது. அத்தனை மாதங்களாக அந்தக் கறுப்புக் கட்டத்துக்குப் பின்னால் இருந்த பசியை நான் எப்படி அறிந்திருப்பேன்? ஏட்டுச் சுரைக்காய் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆகவே, மேடையில் உள்ள பெரியோர்களிடம் ஒன்று கேட்கிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், ஐந்தாம் வகுப்பு வரைக்குமே என வகுக்கப்பட்டது. நம்முடையதோ நடுநிலைப் பள்ளி. நாலாம் வகுப்புத் தங்கை உப்புமா உண்ணும்போது ஆறாம் வகுப்பு அண்ணன் தூணோரம் நிற்கிறான். 1982இல் சிறு பிள்ளைகளுக்கென வந்த சத்துணவு, இரண்டே ஆண்டுகளில் பெரிய பிள்ளைகளுக்கும் நீண்டதல்லவா? காலை உணவும் எட்டாம் வகுப்பு வரை நீள வேண்டும். தோழமையைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் இருமுறை மணி அடித்துவிட்டார். கோரிக்கை மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. கையொப்பமிட்டுவிட்டுச் சாப்பிடச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.