கப்பலேறும்போது பெட்டி தூக்குபவருக்கு எவ்வளவு கொடுப்பது?

[திரையில்: மயாமி துறைமுக முனையத்தின் வாசல், வரிசையாக வாகனங்கள்]

கப்பல் டிக்கெட்டோடு சேர்த்து டிப்ஸ் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட்டீர்களா? நல்லது. ஆனால் வாசலில் உங்கள் பெட்டியை வாங்கிக்கொள்ளும் மனிதருக்கு அதிலிருந்து ஒரு சதம்கூடப் போகாது. அவர் கப்பல் கம்பனியின் ஆளே இல்லை!

வணக்கம் உறவுகளே, இலங்கை மலையகத்தின் ஹட்டனிலிருந்து பேசுகிறேன். கனடாவில் இருக்கும் பிள்ளைகள் அம்மா அப்பாவை அழைத்து, புளோரிடாவிலிருந்து கரீபியன் தீவுகளுக்குக் கப்பலில் கூட்டிப்போவது இப்போது நம் பக்கத்துக் குடும்பங்களிலும் நடக்கிறது. அவர்களுக்காகத்தான் இந்த வீடியோ.

கப்பல் கம்பனிகள் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டொலர் வரை டிப்ஸ் என்று கணக்கில் சேர்த்துவிடும். அது அறை துப்புரவு செய்பவர், சாப்பாடு பரிமாறுபவர் போன்ற கப்பல் ஊழியர்களுக்கு. வாசலில் நிற்பவர் துறைமுகத் தொழிலாளி. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இவர்களில் பலர் ஐ.எல்.ஏ. என்ற தொழிற்சங்கத்தின் உறுப்பினர்கள். 1892இல் தொடங்கிய சங்கம் அது.

இந்தச் சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். 2024 ஒக்டோபரில் இவர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மேய்ன் முதல் டெக்சாஸ் வரை கொள்கலன் இறங்கவில்லை. ஆறு வருடத்தில் 62 வீதச் சம்பள உயர்வு என்று உடன்பாடு வந்த பிறகுதான் வேலைக்குத் திரும்பினார்கள். அப்போதும் பயணிகள் கப்பல்களுக்கு வேலையை நிறுத்தவில்லை. விடுமுறைக்குப் போகும் குடும்பங்களைத் தெருவில் நிறுத்தாமல், முதலாளிகளோடு மட்டும் மோதினார்கள்! சங்கத்துக்குச் சந்தா கட்டி வளர்ந்த நம் மலையகத்தில் இதன் பெருமையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

“சங்கச் சம்பளம் இருக்கிறதே, பிறகு எதற்கு டிப்ஸ்?” என்று கேட்பீர்கள். கட்டாயம் இல்லைதான். ஆனாலும் பெட்டிக்கு ஒரு டொலர், இரண்டு டொலர் கொடுப்பது அங்கே வழக்கம். நான்கு பெட்டிக்கு எட்டு டொலர் என்று வையுங்கள், நம் காசில் 2400 ரூபாய்க்குக் குறையாது. 2024இல் நிர்ணயித்த தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய். அந்தக் கணக்கு மனதில் ஓடும்போது பையிலிருந்து காசு எடுக்கக் கை தயங்கும், அது எனக்கும் தெரியும்.

அதே கணக்கை எடையில் போட்டுப் பாருங்கள். நாள் முழுவதும் மலையேறி இறங்கி 18 கிலோ தேயிலைக் கொழுந்து எடுத்தால்தான் பல தோட்டங்களில் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், போடுவார்கள். விமானத்தில் நாம் கொண்டுபோகும் பெட்டி ஒன்று 23 கிலோ. மயாமியிலிருந்து புறப்படும் ‘ஐகன் ஒஃப் த சீஸ்’ கப்பலில் 7600 பயணிகள் வரை ஏறலாம். அத்தனை பேருடைய பெட்டிகளும் அரை நாளுக்குள் கூண்டு வண்டியில் ஏற வேண்டும். கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் பதித்த தழும்பைத் தன் அம்மாவிடம் பார்த்தவர்கள், சுமைக்காரருக்கு இரண்டு டொலர் கொடுக்கலாமா என்று இரண்டு முறை யோசிக்க மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

[திரையில்: ஒரு டொலர், ஐந்து டொலர் தாள்கள்]

சில்லறையை முன்கூட்டியே தேடுங்கள். இங்கே காசு மாற்றினால் பெரும்பாலும் நூறு டொலர் தாள்தான் கையில் கிடைக்கும். வாசலில் பின்னால் கார்கள் நெருக்கும்போது அதை யாரும் மாற்றித் தர மாட்டார்கள். முதல் நாளே கடையில் ஒரு தண்ணீர்ப் போத்தலாவது வாங்கித் தாளை உடைத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுக்காவிட்டால் பெட்டி வராதோ என்று பயப்பட வேண்டாம். அறை எண் அச்சிட்ட அட்டையைக் கைப்பிடியில் இறுக்கமாகக் கட்டியிருந்தால் பெட்டி அறை வாசலுக்கு வந்துவிடும். சில நேரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும். அதனால் பிரஷர் மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடாதீர்கள், அது இல்லாமல் உங்களை ஏற்றவே மாட்டார்கள்! துணி அயர்ன், கேத்தல் இரண்டும் வீட்டிலேயே இருக்கட்டும். ஸ்கேனில் தெரிந்தால் பெட்டியைப் பிடித்து வைத்துவிடுவார்கள்.



திரும்பி இறங்கும்போதும் போர்ட்டர்கள் நிற்பார்கள். வயதானவர்கள் இருந்தால் தயங்காமல் கூப்பிடுங்கள். சில அமெரிக்கத் துறைமுகங்களில் போர்ட்டரோடு போகிறவர்களுக்குத் தனி வரிசை உண்டு, சுங்கத்தைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். அதற்கும் இரண்டு மூன்று தாள்களை எடுத்து வையுங்கள். நீங்கள் எந்தத் துறைமுகத்தில் ஏறினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். அடுத்து போகப்போகும் குடும்பத்துக்கு அது உதவும்.