முன் சில்லு பிரேக் ஹோஸ்: உள்ளுக்கு என்ன நடக்குது?

வணக்கம் நேயர்களே. நான் திருகோணமலையில கராஜ் வேலை செய்யிற ஆள். இண்டைக்கு கதைக்கப்போறது முன் சில்லு பிரேக் ஹோஸைப் பற்றி, அதான் வண்டிப் பொடியில இருந்து வாற இரும்புக் குழாயையும் கலிப்பரையும், அதாவது பிரேக் பேட்டை அமுக்கிப் பிடிக்கிற பாகத்தையும், இணைக்கிற ரப்பர் குழாய்.

ஸ்டியரிங் திருப்புற நேரமெல்லாம் அது வளையுது, பள்ளத்தில விழுந்தா இழுபடுது. ஆனா சேர்விசுக்கு வாறவங்க என்ஜின் ஓயில் கேப்பாங்க, பிரேக் பேட் கேப்பாங்க, ஹோஸை ஒருத்தரும் கேக்கிறதில்ல.

வெளியால வெடிச்சா கண்ணுக்குத் தெரியும். எனக்குப் பயம் உள்ளுக்கு ஊதி அடைபட்ட ஹோஸுக்குத்தான். பெடலை மிதிக்கேக்க அமுக்கம் பலமா இருக்கிறதால பிரேக் ஓயில் கலிப்பருக்குப் போயிடும், காலை எடுத்தா திரும்பி வர அந்தப் பலம் இல்ல, கலிப்பருக்குள்ள பேட்டைத் தள்ளுற பிஸ்டனைச் சுத்தியிருக்கிற ரப்பர் சீல் கொஞ்சமாப் பின்னுக்கு இழுக்கிறது மட்டும்தான், அதால பிரேக் பிடிச்சபடியே நிக்கும். ஹபரணை ரோட்டால போய் கந்தளாயில இறங்கிப் பாத்தா ஒரு பக்கச் சில்லு மட்டும் கொதிக்குது, வண்டியும் அந்தப் பக்கம் இழுக்குது. உடனே கலிப்பர் போச்சு எண்டு புதுசு வாங்கிப் பூட்டுறாங்க, காசு போனதுதான் மிச்சம்.

புதுக் கலிப்பர் வாங்க முதல் இதைச் செய்யுங்க. ஜக் அடிச்சு, ஸ்டாண்ட் வச்சு, சில்லு இறுகி நிக்கேக்க ஹோஸின்ர மேல் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்க. சில்லு இறுக்கம் விட்டுச் சுத்தினா பிழை மேல, பெடல் மிதிக்கேக்க ஓயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடாம, கீழ கலிப்பரில காத்து எடுக்கிற பிளீடர் நிப்பிளைத் திறந்தாப் பிறகு விட்டா ஹோஸ்தான். அதுக்கும் விடாட்டி கலிப்பரைக் கழட்டுங்க.

எங்கட ஊரில பெரிய கரைச்சல் அந்த மேல் நட். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையோட நிக்கிற வண்டிகள்ள நட்டும் குழாயும் துருவால ஒண்டா ஒட்டிப்போய் இருக்கும். சாதாரண ஸ்பெனர் போட்டா நட்டின்ர மூலை உருண்டுடும், பலவந்தம் பண்ணினா நட்டோட சேந்து இரும்புக் குழாயும் முறுகி உடைஞ்சுடும், பிறகு குழாயும் செய்யோணும். அதால முதல் நாளே கம்பி பிரஷால துருவைத் தட்டி துரு இளக்கிற ஓயில் அடிச்சு விடுங்க, ஜப்பான் வண்டிகள்ள கூடுதலா 10 மில்லிமீற்றர் நட்தான், அதுக்கு நட்டைச் சுத்திப் பிடிக்கிற பிளேர் நட் ஸ்பெனர் இருக்கு, அதைப் போட்டு மற்றக் கையால இன்னொரு ஸ்பெனர் வச்சு ஹோஸைப் பிடிச்சுக்கொண்டுதான் கழட்டோணும்.

கலிப்பர்ப் பக்கம் துளை போல்ட், அதாவது உள்ளால ஓயில் போற போல்ட், இருந்தா, ரெண்டு செப்பு வொஷரும் புதுசாப் போடோணும், பழசு ஒருக்கா நசிஞ்சது, கசியும். கலிப்பரை ஹோஸில தொங்க விடவே வேண்டாம். பூட்டினாப் பிறகு ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, எங்கயும் முறுகுதா, டயரில உரசுதா எண்டு பாருங்க. ரெண்டு முன் சில்லுக்கும் சேத்து மாத்துங்க, ரெண்டும் ஒரே வயசு.

பிரேக் ஓயில் டாங்க் மூடியில எழுதியிருக்கிற வகை, டொட் 3 அல்லது டொட் 4, அந்த ஓயிலைத்தான் ஊத்தோணும், அதுவும் புது போத்தல். டொட் 4 புதுசில 230 பாகை செல்சியசுக்குக் குறையாமத்தான் கொதிக்கோணும், ஈரம் உறிஞ்சினாப் பிறகு அந்த அளவு 155தான். பெயிண்டில பட்டா உடனே தண்ணியால கழுவுங்க. குழாய்க்குள்ள போன காத்தை எடுக்கேக்க டாங்க் வத்த விட வேண்டாம், வத்தினா நாலு சில்லிலயும் காத்து எடுக்கோணும். பெடல் கெட்டியா வந்தாப் பிறகு ஒராள் அழுத்திப் பிடிக்க, மற்றாள் டோர்ச் அடிச்சு மூட்டு எல்லாம் கசியுதா எண்டு பாத்துட்டு, வளவுக்குள்ளயே மெதுவா ஓட்டிப் பாருங்க, அடுத்த நாள் விடிய இன்னொருக்கா கீழ குனிஞ்சு பாருங்க.