1926-இல் பிறந்த பையன்

அவையோருக்கு என் வணக்கம்.

போர்க்கால விடுதிப் பள்ளி என்றதும் நம் மனம் முதலில் குண்டுவீச்சைத்தான் தேடிப் போகிறது. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் இருந்த ஆண் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது நானும் இடிந்த கூரைகளையும் நொறுங்கிய சன்னல்களையும்தான் குறித்துக்கொண்டிருந்தேன். போகப் போக என் குறிப்பேட்டின் ஓரங்களில் வேறு எண்கள் நிரம்பின. பதினாறு, பதினேழு, பதினேழரை. எல்லாம் அந்தப் பிள்ளைகளின் வயது. இன்று உங்கள் முன் நான் பேச வந்தது அந்த வயதைப் பற்றித்தான்.

1926-இல் பிறந்த ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். 1939 செப்டம்பரில் அவனுக்குப் பதின்மூன்று வயது. மால்வெர்ன் கல்லூரியில் சேர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் அது பள்ளிதான். போர் வந்தால் கட்டடங்கள் அரசுக்கு வேண்டும் என்று 1938-இன் இறுதியிலேயே அதன் தலைமையாசிரியருக்கு இரகசியமாகச் சொல்லியிருந்தார்கள். போர் வந்தது. சுமார் 400 பையன்களோடு பள்ளி முழுவதும் பெயர்ந்து பிளெனிம் அரண்மனைக்குப் போனது. சர்ச்சில் பிறந்த அரண்மனை அது. ஓவியங்களுக்கும் விருந்துகளுக்கும் என்று கட்டிய அறைகளில் இரும்புக் கட்டில்கள் வரிசையாக நின்றன. பெருங்கூடம் சாப்பாட்டுக் கூடமானது. அந்தக் குளிர்காலமோ பல பத்தாண்டுகளில் காணாத கடுங்குளிர். அவ்வளவு உயரமான அறைகளை எந்த அடுப்பால் சூடேற்ற முடியும்? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அரண்மனை வாழ்க்கை; உள்ளே போர்வைக்குள் சுருண்டு கிடந்த பதின்மூன்று வயதுக்கு அது வேறு.

1940-இல் பள்ளி சொந்தக் கட்டடத்துக்குத் திரும்பியது. அத்தோடு முடியவில்லை. இங்கிலாந்தின் தென்கடற்கரையில் ஒரு ராடார் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. ஜெர்மன் பாராசூட் படை இறங்கி அதைத் தாக்கக்கூடும் என்ற அச்சம் 1942-இல் வலுத்தது. நிலையத்தை உள்நாட்டுக்கு மாற்ற இடம் தேடியவர்கள் கண்ணில் மால்வெர்ன் பட்டது. பள்ளி மறுபடியும் கிளம்பி, ஹாரோ பள்ளியின் வளாகத்தில் ஒண்டிக்கொண்டது. 1946 வரை அங்கேதான். நம் பையன் பதின்மூன்றில் அரண்மனையிலும், பதினான்கில் சொந்தப் பள்ளியிலும், பதினாறில் இன்னொருவர் பள்ளியிலும் படுத்து எழுந்தான்.

இது ஒரு பள்ளியின் கதை மட்டும் இல்லை. செல்ட்டன்ஹாம் கல்லூரி சில மாதங்கள் ஷ்ரூஸ்பரி பள்ளியோடு இடம் பகிர்ந்துகொண்டது. லான்சிங் பள்ளியின் கட்டடம் கடற்படைப் பயிற்சிக்குப் போனது. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி லான்சிங், எக்ஸிட்டர், ப்ரொம்யார்ட் என்று அலைந்தது. 1941 மே மாதம் லண்டன் மீது நடந்த பெரும் குண்டுவீச்சில் அதன் பழம்பெரும் கூடமும் விடுதியும் எரிந்தபோது பையன்கள் அங்கே இல்லை. அந்த அலைச்சலுக்கு அந்த ஓர் இரவு போதுமான நியாயம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இவை பெரும்பாலும் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிகள். அதே 1939 செப்டம்பரின் முதல் சில நாட்களில் பிரிட்டனின் நகரங்களிலிருந்து ஏறக்குறைய 15 லட்சம் பேர், பெரும்பாலும் சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள், ரயிலேறி முன்பின் தெரியாதவர்களின் வீடுகளுக்குப் போனார்கள். அவர்களுடைய துயரத்தோடு ஒப்பிட்டால் விடுதிப் பையனின் பாடு குறைவுதான். அவனுக்கு நண்பர்களாவது கூடவே வந்தார்கள். ஆனால், பிள்ளைகளின் துன்பத்தைத் தராசில் வைத்து நிறுக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி அன்றாடம். 1940 ஜனவரி 8 முதல் வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சி ஆகியவற்றுக்குப் பங்கீடு வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு வாரம் 4 அவுன்ஸ் வெண்ணெய், ஏறத்தாழ 113 கிராம். பையன்கள் பங்கீட்டு அட்டையோடு பள்ளிக்கு வந்தார்கள். பல பள்ளிகளில் ஒவ்வொருவருக்கும் பெயர் ஒட்டிய சிறு பாத்திரத்தில் அந்த வார வெண்ணெய் கொடுக்கப்பட்டது. திங்கட்கிழமையே தின்று தீர்ப்பவன் ஒரு வகை, ஞாயிறு வரை கத்தியால் கீறிக் கீறி நீட்டிப்பவன் இன்னொரு வகை. விளையாட்டுத் திடலை உழுது உருளைக்கிழங்கு போட்டார்கள். கோடை விடுமுறையில் அறுவடைக்குப் போனார்கள். 1941 ஜூனில் துணிக்கும் கூப்பன் வந்தது. வளரும் பிள்ளைகளுக்குக் கூடுதல் கூப்பன் உண்டு என்றாலும் வளர்ச்சி கூப்பனுக்காகக் காத்திருக்குமா? பெரியவனுக்குச் சிறுத்த சட்டை சின்னவனுக்குப் போனது. ஈட்டன் பள்ளி தன் அடையாளமான உயரத் தொப்பியையே கைவிட்டது.

இளம் ஆசிரியர்கள் சீருடை அணிந்து போய்விட்டார்கள். ஓய்வுபெற்ற முதியவர்கள் திரும்பி வந்தார்கள். பெண் ஆசிரியரையே கண்டிராத வகுப்பறைகளுக்குள் பெண்கள் வந்து பாடம் நடத்தினார்கள். முப்பது ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவன் நான். எழுபதை நெருங்கும் வயதில் மறுபடியும் சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்த அந்த முதியவர்களை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. அவர்களில் பலர் முதல் உலகப் போரிலும் அதே வகுப்பறைகளில் நின்றவர்கள். ஈட்டன் மட்டும் அந்தப் போரில் தன் பழைய மாணவர் 1,157 பேரை இழந்தது. போருக்குச் சென்றவர்களில் ஐந்தில் ஒருவர். அந்த நாட்களில் பள்ளித் தேவாலயங்களில் இறந்தவர்களின் பெயர்களைப் படிப்பார்கள். படிக்கும் ஆசிரியருக்கு ஒவ்வொரு பெயரும் ஒரு கையெழுத்து, ஒரு எழுத்துப்பிழை, ஒரு பெஞ்சு. இருபது ஆண்டுகள் கழித்து அதே தேவாலயத்தில் மறுபடியும் அந்த வாசிப்பு தொடங்கியபோது அவர்கள் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்பதை என்னால் எண்ணிப் பார்க்கவும் முடியவில்லை.

1941 அக்டோபர் 29-ஆம் நாள் சர்ச்சில் தாம் படித்த ஹாரோவுக்கு வந்தார். அவரைப் போற்றிப் பள்ளிப் பாட்டில் ஒரு சரணம் சேர்த்திருந்தார்கள். அதில் அந்தக் காலத்தை 'இருண்ட நாட்கள்' என்று சொல்லும் ஒரு சொல் வந்தது. அதை மாற்றி, 'கடுமையான நாட்கள்' என்று பொருள்படும் சொல்லைப் போடச் சொன்னார் அவர். இவை இருண்ட நாட்கள் இல்லை, மாபெரும் நாட்கள் என்றும் சொன்னார். உண்மையிலேயே ஊக்கம் தந்த பேச்சு அது. ஆனால் நான் அந்தக் கூடத்தின் பின்வரிசையைத்தான் பார்க்கிறேன். அங்கே நின்று பாடியவர்களுக்குப் பதினாறும் பதினேழும். இரவில் கூரை மேல் ஏறி, எரிகுண்டு விழுந்தால் அணைப்பதற்காக மணலும் கைப்பம்புமாகக் காவல் நின்றவர்கள். பதினேழு நிரம்பியவர்கள் ஊர்க்காவல் படையிலும் சேர்ந்துகொண்டார்கள். 1942-இன் இறுதியில், பதினெட்டு நிரம்பியதும் படைக்கு அழைக்கலாம் என்று சட்டம் வந்தது. அன்று முதல் பிறந்தநாள் என்ற சொல்லுக்கு அந்தப் பிள்ளைகளிடம் வேறு பொருள் ஏறிவிட்டது.

நம் பையனுக்கு 1944-இல் பதினெட்டு. அதற்குள் இன்னொரு ஏற்பாடும் வந்திருந்தது. நிலக்கரிச் சுரங்கங்களில் ஆள் போதவில்லை. 1943 டிசம்பரிலிருந்து ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்தார்கள். படைப்பதிவு எண்ணின் கடைசி இலக்கம் அதுவாக இருந்தவர்கள், சிலரைத் தவிர, படைக்குப் பதிலாகச் சுரங்கத்துக்குப் போக வேண்டும். எந்தப் பள்ளியில் படித்தவன் என்ற கேள்வியே இல்லை. அணிவகுப்புப் பயிற்சி முடித்து, கடற்படைச் சீருடையைக் கனவில் கண்டவன், தலைவிளக்கோடு பூமிக்கு அடியில் இறங்கினான்.

இப்போது கடலுக்கு அந்தப் பக்கம். ஜெர்மனியிலும் ஒருவன் 1926-இல் பிறந்திருந்தான். 1943 பிப்ரவரி 15 முதல் அங்கே 1926, 1927-இல் பிறந்த மேல்நிலைப் பள்ளி மாணவர்களை வகுப்பு வகுப்பாக விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கு அனுப்பினார்கள். குடிசைக் கொட்டகைகளில் தங்கினார்கள். ஆசிரியர்கள் அங்கேயே வந்து பாடம் எடுத்தார்கள். இரவெல்லாம் குண்டு ஏற்றியவன் காலையில் லத்தீன் படிக்க உட்கார்ந்தான். அதுவும் ஒரு விடுதிப் பள்ளிதான். நான் கேள்விப்பட்டவற்றில் மிகக் கொடிய விடுதிப் பள்ளி. கீழே பீரங்கியருகே பதினாறு வயது. மேலே விமானத்தில் இருபது, இருபத்திரண்டு வயது. அவர்களில் சிலர் நான் இதுவரை பெயர் சொன்ன அதே இங்கிலாந்துப் பள்ளிகளில் படித்தவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருந்தால் மேல்வகுப்பு அண்ணன் என்றும் கீழ்வகுப்புத் தம்பி என்றும்தான் நினைத்திருப்பார்கள்.

இன்னும் ஒருவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இவன் நான்கு வயது இளையவன். பெற்றோர் சிங்கப்பூரில், பிள்ளை இங்கிலாந்தில் விடுதியில். பேரரசின் வேலையில் வெளிநாடு போன குடும்பங்களில் இது வழக்கம். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. பெற்றோர் ஜப்பானியரின் தடுப்பு முகாமுக்குள் போனார்கள். பையனுக்கு மாதக்கணக்கில் ஒரு வரியும் வரவில்லை. உயிரோடு இருக்கிறார்களா என்பதே தெரியாது. விடுமுறை வந்தால் மற்றவர்கள் பெட்டி கட்டுவார்கள். இவன் யார் வீட்டுக்குப் போவது? அத்தை வீடு, நண்பன் வீடு, சில சமயம் ஆசிரியர் வீடு. செஞ்சிலுவைச் சங்கத்தின் செய்திப் படிவத்தில் எழுத இருபத்தைந்து சொற்கள்தான் இடம். பதின்மூன்று வயதுப் பையன் தன் தாய்க்கு இருபத்தைந்து சொல்லில் என்ன எழுதுவான்? நலம், தேர்வில் தேறினேன், வளர்ந்துவிட்டேன்.

1945 இலையுதிர் காலத்தில் அந்த முகாம்களில் இருந்தவர்களை ஏற்றிய கப்பல்கள் லிவர்பூலிலும் சவுத்தாம்ப்டனிலும் வந்து நின்றன. மெலிந்து நரைத்த பெற்றோர் படியிறங்கினார்கள். பதினோரு வயதில் பிரிந்தவனுக்கு இப்போது பதினைந்து. குரல் உடைந்து, தந்தையின் உயரத்துக்கு நின்றான். தாயின் கண்கள் அவனைத் தாண்டிப்போய்க் கூட்டத்தில் இன்னொரு சிறுவனைத் தேடின. அவள் மடித்து அனுப்பிய அந்தச் சிறிய சட்டைகள் எப்போதோ கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குப் போய்விட்டிருந்தன.