வெயிலுக்கு ஏற்ப நிறம் மாறும் ஜன்னல்

நேயர்களுக்கு வணக்கம். கண்ணாடிச் சுவர் வைத்த அலுவலகங்களில் வெயில் மேசைமேல் விழுந்ததும் என்ன செய்வார்கள்? திரையை இழுத்து விடுவார்கள். அறை இருட்டாகும், உடனே விளக்கைப் போடுவார்கள். சும்மா கிடைக்கிற வெளிச்சத்தை மறைத்துவிட்டுக் காசு கொடுத்து வெளிச்சம் வாங்குகிறோம். சூடாவது குறைகிறதா என்றால் அதுவும் பெரிதாக இல்லை. திரை உள்பக்கம் தொங்குவதால், ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட வெயிலில்தான் அது காய்கிறது. அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடுகிறது. ஏசி அதையும் சேர்த்து இழுத்து வெளியே தள்ள வேண்டும்.

வெயிலைக் கண்ணாடியிலேயே தடுப்பதற்கு வந்தவைதான் ஸ்மார்ட் ஜன்னல்கள். இவற்றில் அதிகம் புழங்குவது மின்சாரத்தால் நிறம் மாறும் எலெக்ட்ரோக்ரோமிக் வகை. இரட்டைக் கண்ணாடியில் வெளிக் கண்ணாடியின் உள்முகத்தில், முடியின் தடிமன்கூட இல்லாத சில பூச்சுகள் இருக்கும். அவற்றில் ஒன்று டங்ஸ்டன் ஆக்சைடு. சில வோல்ட் மின்சாரம் கொடுத்தால் லித்தியம் அயனிகள், அதாவது மின்னேற்றம் உள்ள லித்தியம் அணுக்கள், அதற்குள் நுழைகின்றன, கண்ணாடி நீலமாகிறது. மின்சாரத்தை எதிர்த் திசையில் கொடுத்தால் அயனிகள் வெளியேறி, கண்ணாடி தெளிகிறது. சொல்லப்போனால் இது ஒளி ஊடுருவும் ஒரு பேட்டரி. மின்சாரம் முக்கியமாக நிறம் மாறும் நேரத்தில்தான் செலவாகிறது.

பெரிய கண்ணாடி நிறம் மாறுவதைக் கிட்ட நின்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மின்கம்பி சேரும் ஓரங்கள் முதலில் கறுக்கும், அப்புறம் நீலம் மெல்ல நடுவுக்கு நகரும். முழுதும் மாறப் பல நிமிடங்கள் ஆகும். போயிங் 787 விமானத்தில் ஜன்னல் மூடிக்குப் பதிலாக இருப்பதும் இந்த வகைதான்; பொத்தானை அழுத்திவிட்டுப் பயணிகள் பொறுமையிழப்பதும் இதனால்தான்.

கறுத்த கண்ணாடி வெயிலை உறிஞ்சுவதால் அதுவே சூடாகும். அந்தச் சூடு உள்ளே வராமல் தடுக்க நடுவே வாயு இடைவெளியும், வெப்பக் கதிரைத் திருப்பும் பூச்சும் வேண்டும். ஒற்றைக் கண்ணாடியில் இதைப் பொருத்தினால் பாதிப் பயன் போய்விடும்.

இன்னொரு வகைக்குக் கம்பியே தேவையில்லை. வனேடியம் டை ஆக்சைடு என்ற பொருள் 68 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் வந்து சூடேற்றும் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கத் தொடங்கும். கொஞ்சம் டங்ஸ்டன் கலந்தால் அந்த வெப்பநிலையை இறக்கலாம். ஆனால் கண்ணாடியில் ஒரு மஞ்சள் பழுப்பு ஏறிவிடுகிறது. அந்த நிறத்தில் நாள் முழுக்க யார் உட்காருவார்கள்?

தரையை அடையும் சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதை மட்டும் நிறுத்தி வெளிச்சத்தை விட்டுவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆராய்ச்சியாளர் டெலியா மில்லிரானின் குழுவினர் 2013இல் நானோ படிகங்கள் எனப்படும் மிக நுண்ணிய படிகங்களைக் கண்ணாடியில் பதித்து, வெளிச்சம், அகச்சிவப்பு இரண்டையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். என் ஆசை இந்த வழியில்தான் இருக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். பொத்தானைத் தட்டினால் பால் நிறமாகிற அறைத் தடுப்புக் கண்ணாடியை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ஒளியைச் சிதறடித்து ஆளை மறைக்கும். வெயிலின் பெரும்பகுதி உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். அதேபோல, உச்சி வெயில் படும் ஜன்னலுக்கு வெளியே ஒரு சன்ஷேடு போட்டாலே போதும். ஆனால் கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் தாழ்வாக வந்து சன்ஷேடுக்குக் கீழே நுழைந்துவிடும். பணம் போடுவதாக இருந்தால் அந்த இரண்டு பக்கத்துக்கும் முதலில் போடுங்கள். நன்றி, வணக்கம்.