கதவோரத்துக் கம்பி

நேயர்களுக்கு வணக்கம். பழைய மின்சார ரயில்களின் தோற்றத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள், அதுவும் வானொலியில்! படம் காட்ட வழியில்லை. சென்னைக்காரர்களுக்குக் காட்டவும் வேண்டாம். கண்ணை மூடினால் எலெக்ட்ரிக் ட்ரெயின் வந்து நின்றுவிடும். மற்ற ஊர் நேயர்கள் கொஞ்சம் என்னோடு ஏறிக்கொள்ளுங்கள்.

நான் ரயில்வேக்காரன் இல்லை. கட்டட வரைபடம் போட்டுப் பிழைப்பவன். தாம்பரத்துக்கும் பீச் ஸ்டேஷனுக்கும் இடையே இருபது வருஷத்துக்கு மேல் போய்வந்தவன். அளவெடுப்பது தொழில் என்பதால், உட்கார இடம் கிடைக்காத நாட்களில் பெட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

முதலில் கண்ணில் படுவது அதன் அகலம். வெளியூர் போகும் சாதாரண ரயில் பெட்டி ஏறக்குறைய 3.25 மீட்டர் அகலம். நம்முடைய லோக்கல் பெட்டி 3.66 மீட்டர். வித்தியாசம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. முழத்துக்குக் குறைவான அந்த அகலம்தான் இரண்டு பக்கமும் மும்மூன்று பேர் உட்கார்ந்து, நடுவில் ஆள் நிற்கவும் இடம் தருகிறது. கழிவறை கிடையாது, படுக்கை கிடையாது, பக்கச்சுவர் நேராக எழுந்து நிற்கும். பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955-ல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை. அங்கே செய்த பெட்டிகள்தாம் பெரும்பாலும் நம்மைச் சுமப்பவை. அழகுக்காக யாரோ மெனக்கெட்டார்கள் என்று அந்தப் பெட்டியைப் பார்த்தால் தோன்றாது. எத்தனை பேரை எவ்வளவு சீக்கிரம் ஏற்றி இறக்கலாம் என்ற ஒரே கேள்விக்கு இரும்பில் எழுதிய பதில் அது. எனக்கு அதுவே அழகாகப்படுகிறது. வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மும்பையில் இந்தக் கேள்வி இன்னும் கடுமை. அங்கே ரயில்வேக்காரர்களே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: சூப்பர் டென்ஸ் க்ரஷ் லோடு. ஒரு சதுர மீட்டரில் பதினான்கு, பதினாறு பேர் நிற்பது. அரை மீட்டர் சதுரத் தரை ஓடு நாலு போட்டுப் பாருங்கள், அதன் மேல் பதினாறு ஜோடிச் செருப்பை அடுக்கிப் பாருங்கள்.

இனி, வயதான பெட்டிக்குள் வருகிறேன். இந்த மின்சார ரயில் பெட்டிக்கு ரயில்வே வைத்திருக்கும் ஆயுள் 25 ஆண்டு. பாதி ஆயுளைத் தாண்டிய பெட்டி ஒன்றில் வாசலின் நடுவே நிற்கும் கம்பியைப் பாருங்கள். தரையிலிருந்து இடுப்பு வரை பெயின்ட் இருக்கும். மேலே கை எட்டாத இடத்திலும் இருக்கும். நடுவில் இரண்டு சாண் நீளத்துக்கு மட்டும் இரும்பு வெள்ளி மாதிரி மின்னும். அத்தனை பேரும் பிடிக்கும் இடம் அதுதான். அந்தப் பளபளப்பின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஊர்க்காரர்களின் தோள் உயரத்தைச் சொல்லிவிடும். லேடீஸ் பெட்டியில் அது கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும் என்று என் தங்கை சொல்வாள்; நான் போய் அளந்ததில்லை.

வாசல் தரையில் வழுக்காமலிருக்க மேடு மேடாக வார்த்த தகடு. ஓரத்தில் மேடுகள் கூராக நிற்கும், கால் படும் நடுப்பகுதியில் அம்மி தேய்ந்த மாதிரி மழுங்கியிருக்கும். ஜன்னல் விளிம்பில் முழங்கை வைத்த இடம் வழவழவென்றிருக்கும். சீட்டுக்குப் பின்னால், உட்கார்ந்தவர் தலை சாயும் உயரத்தில், சுவரில் பழுப்பு வட்டங்கள். தேங்காய் எண்ணெய்! எத்தனை முறை கழுவினாலும் மறுபடி அதே இடத்தில் வரும். பல்லாவரத்துக்கும் கிண்டிக்கும் நடுவே எத்தனை தூக்கம் தூங்கியிருக்கிறோம்.

1931-ல் பீச் – தாம்பரம் பாதையில் மின்சார வண்டி தொடங்கியபோது அது மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரே ஒரு மீட்டர், பெட்டியும் ஒடுக்கம். 2004-ல்தான் அந்தச் சின்ன வண்டி இந்தத் தடத்தை விட்டுப் போனது. கடைசிக் காலத்தில் அதில் போனவர்களுக்கு ஆட்டம் நினைவிருக்கும், நின்றபடி பேப்பர் படிக்க முடியாது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே சில இடங்களில் ஃபேன் சுழற்சி தளர்ந்து, விளக்கு அணைந்து, இரண்டு மூச்சு விடுவதற்குள் மறுபடி வருவதைக் கவனித்திருப்பீர்கள். கோளாறு எதுவும் இல்லை. மேலே போகும் 25,000 வோல்ட் கம்பிக்கு ஒரு துணைமின் நிலையத்தின் எல்லை அங்கே முடிகிறது, அடுத்ததன் எல்லை தொடங்குகிறது. இரண்டும் ஒட்டிக்கொள்ளாமலிருக்க நடுவில் மின்சாரமே இல்லாத ஒரு துண்டு. வண்டி அதை உருண்டே கடக்கிறது. அந்த இரண்டு மூச்சில் பெட்டியில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள், ஏனென்றே தெரியாது.

இப்போது கதவு. பழைய பெட்டிக்குக் கதவு உண்டு, மூடினவர் இல்லை. ஃபுட்போர்டில் நின்று காற்று வாங்குவதுதான் சிலருக்கு லோக்கலின் முதல் வகுப்பு. அதன் விலையும் தெரிந்ததுதான். 2025 ஜூனில் மும்பையில் மும்ப்ரா அருகே ஓடும் ரயில்களிலிருந்து பயணிகள் விழுந்து சிலர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு, ஏ.சி. இல்லாத வண்டிகளுக்கும் தானாக மூடும் கதவு வைக்கப்போவதாக ரயில்வே அறிவித்தது. மூச்சு முட்டாமலிருக்கக் கதவிலேயே காற்று நுழைய இடைவெளி விட்டுச் சாய்த்துவைத்த பட்டிகள், கூரையில் காற்றை உள்ளே தள்ளும் கருவி, கூட்டம் நகர்ந்துகொள்ளப் பெட்டிக்குப் பெட்டி வழி. கதவை மூடுவது லேசு, மூடின பிறகு காற்றுக்கு என்ன வழி என்பதுதான் வரைபடக்காரனின் தலைவலி. பட்டிக் கதவு எனக்குப் பிடித்த யோசனை; நம் பழைய வீடுகளின் மரப் பட்டி ஜன்னல் செய்த வேலைதான் அது.

சென்னைக்கு முதல் ஏ.சி. மின்சார ரயில் 2025 ஏப்ரலில் வந்தது. சாதாரண வண்டியில் குறைந்த கட்டணம் 5 ரூபாய், இதில் 35 ரூபாய். பெயின்ட் உரிய வாய்ப்பில்லாத எவர்சில்வர் உடம்பு, திறக்க முடியாத அகலக் கண்ணாடி. ஆசைக்கு ஒருநாள் டிக்கெட் எடுத்தேன். உள்ளே இடம் நிறையக் காலி. ஆனாலும் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மூடின கதவை ஒட்டி, ஒரு கை கம்பியில், ஒரு கால் முன்னே வைத்து, வெளியே எட்டிப் பார்க்கிற தோரணையில் நின்றுகொண்டிருந்தார். காற்று வராத இடத்தில் நின்று தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டார். மாம்பலத்தில் அவர் இறங்கிப் போன பிறகு பார்த்தேன். கண்ணாடியில், சரியாக நெற்றி உயரத்தில், ஒரு சின்ன எண்ணெய் வட்டம்.