கப்பல் கரையோரத்திலேயே இருக்கட்டும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்! கடலடியில் கிடைத்த கப்பலைக் காக்கத் தகுந்த இடம் தலைநகரமா, கரையோரச் சிற்றூரா? சிற்றூரே என்று வாதாட வந்திருக்கிறேன். எங்கள் சாட்சி, சைப்ரஸ் தீவின் கைரீனியா.

1965-இல் அவ்வூர் முக்குளிப்பாளர் ஆண்ட்ரியாஸ் கரியோலு, கரையிலிருந்து ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில், சுமார் 30 மீட்டர் ஆழத்தில், சாடிக் குவியலைப் பார்த்தார். அடியில் இருந்தது 2,300 ஆண்டுகளுக்கு முந்தைய வணிகக் கப்பல். சுமார் 400 சாடிகள், ஆயிரக்கணக்கில் பாதாம் கொட்டைகள், திரிகைக் கற்கள். மரக்கரண்டி நான்கு, குடிகோப்பை நான்கு. மாலுமிகள் நால்வர் என்று கணக்கிட அதுவே போதுமானதாக இருந்தது!

"கண்டெடுத்ததைத் தலைநகருக்குக் கொண்டுபோயிருக்கலாமே" என்றார் எதிரணி நண்பர். ஐயா, கடலில் ஊறிய மரத்தில், அதற்கு வலுவூட்டும் நார்ப்பொருளான செல்லுலோஸ் சிதைந்துபோயிருக்கும். உருவத்தைத் தாங்கிப் பிடிப்பது உள்ளே நிற்கும் தண்ணீர்தான். காயவிட்டால் செல் சுவர் இடியும். பலகை சுருங்கித் திருகிப் பிளக்கும். பிறகு எத்தனை நாள் ஊறவைத்தாலும் பழைய வடிவம் திரும்பாது. எனவே ஈரம் குறையாமல் நன்னீர்த் தொட்டியில் இறக்க வேண்டும், உப்பு வெளியேற நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் பிறகுதான், தண்ணீரின் இடத்தில் புகுந்து மரத்தைத் தாங்கும் மெழுகு போன்ற பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசல். அதன் செறிவையும் மெல்ல மெல்லத்தான் கூட்ட வேண்டும். எடுத்த எடுப்பில் கெட்டிக் கரைசலில் போட்டால், அது உள்ளே புகுமுன் நீர் வெளியேறி மரம் ஒடுங்கிவிடும். இந்த வேலைக்குத் தூரம்தான் முதல் பகை. கைரீனியாவில் தொட்டிகள் துறைமுகக் கோட்டைக்குள்ளேயே இருந்தன.

5,000-க்கும் மேற்பட்ட மரத்துண்டுகள்! எலெக்ட்ரீஷியனாக இருந்த ரிச்சர்ட் ஸ்டெஃபி அந்த ஊரிலேயே குடியிருந்து அவற்றை ஒன்றுசேர்த்தார். பலகைகளை விளிம்போடு விளிம்பாகத் துளையும் நாக்கும் வைத்துப் பூட்டிவிட்டு, விலாச் சட்டங்களைப் பிறகு பொருத்தியிருக்கிறார்கள் என்பது மூட்டுகளிலிருந்தே தெரிந்தது.

"கடற்காற்றின் ஈரம் மரத்தைக் கெடுக்கும்" என்பது அவர்களின் அடுத்த வாதம். 1961-இல் கடலடியிலிருந்து மேலே தூக்கப்பட்ட வாசா என்ற பழைய போர்க்கப்பல் எங்கே இருக்கிறது? ஸ்டாக்ஹோமில், ஸ்வீடனின் தலைநகரில்! 2000-ஆம் ஆண்டின் மழைக்கோடையில் நனைந்த உடையோடு பார்வையாளர்கள் திரண்டனர். காற்றுச்சீரமைப்பால் சமாளிக்க முடியவில்லை. மரத்துக்குள் இருந்த கந்தகம் அமிலமாகி, உப்புத் திட்டுகளாக வெளியே தெரிந்தது. நடுவர் அவர்களே, ஈரம் தலைநகரம் என்று பார்த்து ஒதுங்கி நிற்கவில்லை. ஒரே கப்பல், ஒரே அறை, கட்டுப்படுத்தப்பட்ட கூட்டம் என்றால் சிற்றூரில் அதைக் கட்டிக்காப்பது எளிது.